சூப்பில் போட்ட மோமோ ஏன் கிழிகிறது?
சமையலறைக் கேள்வி பதில்

மழை பிடித்தாலே சூப் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை மிளகு ரசமும் ஆட்டுக்கால் சூப்பும் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள, மோமோவும், அதைப் போலவே பூரணம் வைத்த சீன வான்டானும் முன்னால் வந்து நிற்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம். கீழே வரும் அளவுகளில் டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி., கப் 240 மி.லி.

ஃப்ரீஸரில் வைத்திருந்த சிக்கன் மோமோவை சூப்பில் போட்டுக் கொதிக்க வைத்தேன். மேல்மாவு கிழிந்து, கைமா எல்லாம் வெளியே வந்து, சூப் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. மோமோ சரியில்லையா, நான் செய்த விதம் சரியில்லையா?
– வாசகி, திருப்பூர்

மோமோவைக் குறை சொல்ல முடியாது. கொதிதான் கெடுத்திருக்கிறது. சூப் தளதளவென்று கொதிக்கும்போது மோமோக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வெளிமாவு வெந்து மிருதுவாகியிருக்கும், உள்ளே பூரணமோ இன்னும் பனிக்கட்டியாக இருக்கும். பூரணம் வேகட்டும் என்று காத்திருக்கும் ஐந்தாறு நிமிடத்தில் மேல்மாவு ஊறிப்போய், முட்டிய இடத்தில் பிளந்துகொள்கிறது. மோமோவின் மேல் ஒட்டியிருந்த உலர்மாவும் கரைந்து சூப்பைக் கஞ்சியாக்கிவிடுகிறது.

இரண்டு அடுப்பு, இரண்டு பாத்திரம் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒன்றில் சூப், இன்னொன்றில் மோமோ வேகவைக்க வெறும் தண்ணீர். சீன உணவகங்களிலும் வான்டானைத் தனியே வேகவைத்துத்தான் கிண்ணத்தில் இருக்கும் சூடான சூப்பில் சேர்ப்பார்கள்.

20 மோமோவுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் உறைந்த மோமோ விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கிவிடும். மறுபடி கொதி வருவதற்குள் மாவு வெதுவெதுப்பான நீரில் கிடந்து பசையாகும். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் 1 டீஸ்பூன் உப்பு போட்டு, மோமோவை ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு ஒவ்வொன்றாகப் போடுங்கள். முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்காதீர்கள். பனி உருகினால் மாவு ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போதே கிழியும். போட்டவுடன் கரண்டியின் முதுகுப் பக்கத்தால் அடியோடு ஒருமுறை மெதுவாகத் தள்ளிவிடுங்கள். முதல் அரை நிமிடத்தில் அடி பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்காது.

மூடிவைத்து, கொதி வந்ததும் அரை கப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுபடி கொதித்ததும் இன்னொரு அரை கப். மூன்றாம் முறையும் அப்படியே. வட சீனத்தில் மோமோ போன்ற ஜியாவ்ஸியை வேகவைக்கும் பழைய முறை இது. கொதி அடங்கி அடங்கி எழுவதால் மாவுக்கு அடி விழாது, பூரணம் வேகவும் நேரம் கிடைக்கும். மூன்றாவது கொதிக்குப் பிறகு மோமோ உப்பி, மாவு கொஞ்சம் கண்ணாடி போலத் தெரியும். உறைந்த மோமோவுக்கு மொத்தம் 7 முதல் 9 நிமிடம் ஆகும். ஜல்லிக்கரண்டியால் அரித்துக் கிண்ணத்தில் வைத்து, மேலே சூப்பை ஊற்றுங்கள்.

பாக்கெட்டில் இருப்பதையும் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஆவியில் வேகவைத்து உறையவைத்த மோமோ என்றால் 3, 4 நிமிடம் போதும். அதைப் பச்சை மோமோ என்று நினைத்து 9 நிமிடம் விட்டால் எந்த வைத்தியமும் எடுபடாது.

மிதந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தமா?
– வாசகர், தாம்பரம்

இல்லை. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் வேகாத மோமோவும் மிதக்கும். மிதந்த பிறகு குறைந்தது 2 நிமிடமாவது விட்டு, ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கோழி என்றால் நடுவில் இளஞ்சிவப்பும் கொழகொழப்பும் இருக்கக் கூடாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைக்க நேரமில்லை. அரை மணி நேரத்துக்குள் தெளிந்த சூப் வைக்க முடியுமா? சைவத்தில் இருந்தால் இன்னும் நல்லது.
– வாசகி, மதுரை

முடியும். உலர்ந்த ஷிடாக்கே காளான் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு இல்லாத குறையைப் பாதிக்கு மேல் அது தீர்த்துவிடும். நான்கு பேருக்கு 4 காளான் போதும். 1 கப் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, காம்பை நீக்கி மெல்லியதாக நறுக்குங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சாரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அடியில் மண் தங்கும் என்பதால் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

காளான் ஊறும்போதே அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். 1 டீஸ்பூன் எண்ணெயில், தட்டிய இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, தட்டிய பூண்டு 4 பல், ஐந்து வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஆகியவற்றை ஒரு நிமிடம் வதக்குங்கள். சிவக்க விடாதீர்கள். பூண்டு சிவந்தால் சூப்பில் கசப்பு தட்டும். 1.2 லிட்டர் தண்ணீர், பாதி கேரட், ஒரு பிடி கொத்தமல்லித் தண்டு சேர்த்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி விடும் அளவில் 12 நிமிடம் வையுங்கள். பெருந்தீயில் கொதித்தால் கலங்கிவிடும். வடிகட்டி, காளான் தண்ணீரையும் நறுக்கிய காளானையும் சேர்த்து இன்னும் 3 நிமிடம். லைட் சோயா சாஸ் 1½ டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு, வெள்ளை மிளகுத்தூள் ¼ டீஸ்பூன், சர்க்கரை இரண்டு சிட்டிகை. பாலக்கோ பாக் சாய் என்கிற சீனக் கீரையோ இருந்தால் கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள்.

உப்பில் கை நீண்டுவிட வேண்டாம். பூரணத்திலும் உப்பு இருக்கிறது. சோயா சாஸின் உப்பையும் கணக்கில் சேர்த்து, லிட்டருக்கு 7, 8 கிராம் வந்தால் சரியாக இருக்கும். சூப் கட்டி போடுவதென்றால் உப்பு போடவே போடாதீர்கள், சோயாவையும் பாதியாக்குங்கள். அந்தக் கட்டியில் பெரும்பங்கு உப்புதான்.

அசைவம் என்றால் 250 கிராம் கோழி இறக்கையோ கழுத்தெலும்போ போட்டு, இதே பொருட்களுடன் குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 15 நிமிடம் வைக்கலாம். ஆவியைப் பிடுங்கி விடாமல் தானாக அடங்கவிடுங்கள். குக்கருக்குள் தண்ணீர் புரண்டு கொதிக்காததால் சூப் வியக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே ஒரேயடியாகக் கொதித்து எல்லாம் கலங்கிவிடும்.

நல்லெண்ணெய் ஊற்றினால் போதாதா? எள் எண்ணெய் என்று தனியாக எதற்கு வாங்க வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

இரண்டும் எள்தான், ஆனால் வாசனை வேறு. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைச் செக்கில் கருப்பட்டியோடு ஆட்டி எடுப்பது. சீன, கொரியச் சமையலில் வருவது எள்ளை நன்றாக வறுத்த பிறகு பிழிந்த எண்ணெய். பழுப்பு நிறமாக, வறுத்த எள்ளின் மணத்தோடு இருக்கும். அதைத் தாளிக்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு லிட்டருக்கு அரை டீஸ்பூன் ஊற்றினால் போதும். அது இல்லையென்றால் 1 டீஸ்பூன் வெள்ளை எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்து, 1 டீஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்துக் கடைசியில் சேருங்கள். மணம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

என் சூப் மட்டும் கறுப்பாக வருகிறது.
– வாசகர், வேலூர்

நீங்கள் ஊற்றுவது டார்க் சோயா சாஸாக இருக்கும். நம் கடைகளில் ஃப்ரைட் ரைஸுக்கென்று விற்பது பெரும்பாலும் அதுதான். வீட்டில் அது மட்டுமே இருந்தால் நிறத்துக்கு அரை டீஸ்பூன் விட்டு, மீதியை உப்பால் சரிசெய்யுங்கள்.

கொழுக்கட்டைக்குக் கொதிநீரில் மாவு கிளறுவதைப் போல மோமோ மாவையும் வெந்நீர் ஊற்றிப் பிசைந்தேன். ஆவியில் வைத்தபோது அருமை. அதையே சூப்பில் வேகவைத்தபோது விளிம்பெல்லாம் பிரிந்துபோனது. ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அரிசி மாவில் குளூட்டன் என்கிற இழுவை தரும் புரதம் கிடையாது. அதைச் சேர்த்துப் பிடிக்க வேறு வழியில்லாததால் கொதிநீர் ஊற்றி, மாவுச்சத்தை வேகவைத்துப் பசையாக்குகிறோம். மைதாவில் குளூட்டன் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அது வலை போலப் பின்னிக்கொண்டு, கொதிக்கும் நீரிலும் இழுவையாக நிற்கும். வெந்நீர் ஊற்றினால் அந்தப் பின்னல் பலவீனமாகி, மாவு பஞ்சாக இருக்கும். ஆவிக்கு அது நல்லது, கொதிநீருக்கு ஆகாது.

சூப்புக்கான மேல்மாவுக்கு 200 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, 100 முதல் 105 மி.லி. பச்சைத் தண்ணீர். பிசையும்போது தண்ணீர் போதாது போலத்தான் தோன்றும். பூரி மாவைவிடக் கெட்டியாக, உடைந்து உடைந்து நிற்கும். இன்னும் தண்ணீர் ஊற்றிவிடாமல் எப்படியாவது ஓர் உருண்டையாக்கி, ஈரத்துணி போர்த்தி 10 நிமிடம் விடுங்கள். திரும்பிவந்து 3 நிமிடம் பிசைந்தால் வழவழவென்று வந்துவிடும். பிறகு இன்னும் 30 நிமிடம் மூடி வையுங்கள். இந்த ஓய்வைக் கொடுக்காவிட்டால், தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கும். அப்போது கைவலியில் தடிமனாகவே விட்டுவிடத் தோன்றும், அது வேகாமல் சவசவக்கும்.

இந்த அளவில் 12 கிராம் எடையில் சுமார் 25 உருண்டை வரும். ஒவ்வொன்றையும் 8, 9 செ.மீ. வட்டமாகத் தேயுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் தடிமனாகவும் விளிம்பு மெல்லியதாகவும் இருக்கட்டும். விளிம்பு மடிப்பில் இரட்டிப்பாகும், நடுப்பகுதி பூரணத்தின் பாரத்தைத் தாங்க வேண்டும். சப்பாத்திக்கு நேர்மாறான வேலை என்பதால் முதல் நான்கைந்து கோணலாகத்தான் வரும். தேய்த்ததை உடனே நிரப்புங்கள், காய்ந்த விளிம்பு ஒட்டாது. ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டு, பூரணத்தைச் சுற்றியிருக்கும் காற்றை வெளியே தள்ளி, பிறகு அழுத்தி மூடுங்கள். உள்ளே தங்கிய காற்று சூட்டில் விரிந்து மூடிய வாயைத் திறந்துவிடும். சூப்புக்குப் போகும் மோமோவுக்கு மடிப்பு அலங்காரம் வேண்டாம். சோமாஸி போல அரை வட்டமாக மூடினால் போதும். குஞ்சம் வைத்துத் திருகினால் அந்தக் குஞ்சம் வேகாமல் கட்டியாக நிற்கும்.

வான்டானுக்கு மேல்மாவு இதைவிட மெல்லியது, சதுரமானது. 200 கிராம் மைதாவுக்கு 1 முட்டையும் சுமார் 50 மி.லி. தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, சோளமாவு தூவி, அடியில் வைத்த விரல் நிழலாகத் தெரியும்வரை தேய்த்து, 8 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். அது 3, 4 நிமிடத்தில் வெந்துவிடும். தண்ணீர் ஊற்றி ஊற்றி வேகவைக்கும் முறையெல்லாம் அதற்குத் தேவையில்லை.

மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு?
– வாசகி, ஈரோடு

முழுக்கவும் வேண்டாம். தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் பின்னலை அறுத்துவிடுவதால் கொதிநீரில் பொத்தல் விழும். 130 கிராம் மைதாவுக்கு 70 கிராம் ஆட்டா என்றால் தாங்கும். தண்ணீரை 110, 115 மி.லி. ஆக்கி, ஓய்வு நேரத்தையும் 45 நிமிடமாக்குங்கள்.

உள்ளே இருக்கும் சிக்கன் ரப்பர் பந்து மாதிரி கெட்டியாகிவிடுகிறது. கடை மோமோவைக் கடித்தால் சாறு வருகிறதே, எப்படி?
– வாசகி, சென்னை

மூன்று காரணங்கள் இருக்கலாம்: நெஞ்சுக்கறி, கொழுப்பின்மை, தண்ணீர் சேர்க்காதது. தொடைக்கறியைக் கைமாவாக்கச் சொல்லி வாங்குங்கள். 250 கிராம் கைமாவில் முதலில் அரை டீஸ்பூன் உப்பும் 2 டீஸ்பூன் சோயா சாஸும் போட்டு, கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். (ஒரே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். பக்கம் முக்கியமில்லை, விடாமல் சுற்றுவதுதான் முக்கியம். ஒரே பக்கம் என்று சொன்னால்தான் விடாமல் சுற்றுகிறோம்.) உப்பு, இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கும். பசை வந்ததும் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக, மொத்தம் 3 அல்லது 4 விடுங்கள். முன்னே விட்டது முழுக்க உறிஞ்சப்பட்ட பிறகே அடுத்தது. 3, 4 நிமிடத்தில் கைமா நூல் விட்டது போல் ஆகி, கையில் எடுத்துக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டும். பிறகு 1 டீஸ்பூன் துருவிய இஞ்சி, ¼ டீஸ்பூன் மிளகுத்தூள், 1 டீஸ்பூன் சோளமாவு, 2 டீஸ்பூன் எண்ணெய். நறுக்கிய வெங்காயத்தாள் கடைசியில். எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது.

20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டிப்பட்டு, நிரப்ப எளிதாக இருக்கும். மட்டன் கைமாவுக்கும் இதே வழிதான். அதில் வெங்காயத்தாளை இரண்டு மடங்காக்குங்கள், இளகி வரும்.

சைவப் பூரணம் வைத்தால் உள்ளே தண்ணீர் விட்டு மாவு ஊறிவிடுகிறது.
– வாசகி, காஞ்சிபுரம்

முட்டைகோஸ் செய்கிற வேலை அது. 250 கிராம் முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி அரை டீஸ்பூன் உப்பில் பிசறி 15 நிமிடம் வைத்து, துணியில் முறுக்கிப் பிழியுங்கள். கால் கப்புக்கும் அதிகமாகத் தண்ணீர் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அதைச் சூப்பிலேயே சேர்க்கலாம், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் பட்டன் காளானை நீர் வற்றும்வரை வதக்கி ஆறவைத்து, 50 கிராம் கேரட் துருவல், நன்றாக நீர் வடித்த டோஃபு 100 கிராம், 1 டீஸ்பூன் சோளமாவு சேர்த்துப் பிசையுங்கள். வேகவைத்து நறுக்கிய சேமியா இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டால், மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது குடித்துக்கொள்ளும். பனீரும் போடலாம், ஆனால் அது பூரணத்தைப் பிடித்து வைக்காது, கடித்ததும் உதிரும். பூரணம் சூடாக இருக்கும்போது மாவில் வைக்கவே கூடாது.

இங்கே கடைகளில் கிடைக்கும் இறால் வான்டான், கடித்தால் கரகரவென்று துள்ளுகிறது. வீட்டில் செய்தால் சொதசொதவென்று இருக்கிறது.
– வாசகி, ஈப்போ, மலேசியா

சமையல் சோடாதான் அந்தத் துள்ளலுக்குக் காரணம். உரித்த இறால் 200 கிராமுக்கு ¼ டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி 15 நிமிடம் குளிரில் வையுங்கள். காரத்தன்மை கூடும்போது இறாலின் புரதம் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் நன்றாக அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். அலசல் குறைந்தால் சோப்பு வாடை வரும், ஈரம் மிஞ்சினால் சொதசொதப்பு திரும்பிவிடும். பாதி இறாலைக் கத்தியின் அகலப் பக்கத்தால் நசுக்கி, மீதியைப் பெரிய துண்டாகவே விடுங்கள். நசுக்கியது ஒட்டிப்பிடிக்கும், துண்டு கடிபடும். சிட்டிகை சர்க்கரை, வெள்ளை மிளகு, எள் எண்ணெய், 1 டீஸ்பூன் சோளமாவு. சோடாவோடு போட்ட உப்பு அலசலில் பெரும்பாலும் போய்விடுவதால், இப்போது ¼ டீஸ்பூன் உப்பு சேருங்கள்.

ஹாங்காங் பாணியில் சூப்புக்கு உலர்ந்த தட்டைமீனும் இறால் முட்டையும் போடுவார்கள். அந்த ஆழம் அரை மணி நேரத்தில் வராது. ஆனால் இறால் ஓட்டையும் தலையையும் எறியாமல் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சிவக்க வறுத்து, 1 லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் சிறு தீயில் வைத்து வடிகட்டினால் நல்ல சூப் கிடைக்கும். ஓட்டை அரைத்துவிட வேண்டாம், சூப் கலங்கும்.

கொரியத் தொடர்களில் வரும் மாண்டு சூப்பை இங்கே கிடைக்கும் பொருளில் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவி, கோவை

மாண்டு என்பது கொரியர்களின் மோமோ, அது போட்ட சூப்புக்கு மாண்டு குக் என்று பெயர். கொரியர்கள் சந்திரப் புத்தாண்டான சொல்லால் நாளில் அரிசிக் கேக் வில்லைகளையும் சேர்த்து இதைச் சமைப்பதுண்டு. மாட்டிறைச்சியிலோ உலர் நெத்திலியிலோ சூப் வைப்பார்கள். உங்களுக்கு நெத்திலிக் கருவாடு தாராளமாகக் கிடைக்கும். ஒரே வித்தியாசம், கொரிய நெத்திலி உப்புநீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தது, நம்முடையது பெரும்பாலும் நேராக வெயிலில் காய்ந்தது. சிலவற்றில் உப்பு மிக அதிகம் என்பதால் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு அலசுங்கள்.

பெரிய நெத்திலி என்றால் 12, சிறியது என்றால் ஒரு பிடி. தலையையும் வயிற்றிலிருக்கும் கறுப்பையும் கிள்ளி எடுத்துவிடுங்கள், கசப்பு அங்கேதான். வெறும் வாணலியில் ஒரு நிமிடம் வறுத்தால் கவிச்சி குறையும். 1 லிட்டர் தண்ணீரில் மூடி போடாமல் 10 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் சூப் கருவாட்டுக் குழம்பின் தங்கையாகிவிடும். பூண்டு 2 பல் நசுக்கிப் போட்டு, 1 டீஸ்பூன் சோயா சாஸ், ருசிக்கு உப்பு.

இரண்டு பாத்திர விதிக்கு இங்கே விலக்கு உண்டு. மாண்டுவைச் சூப்பிலேயே வேகவைப்பதுதான் வழக்கம், சற்றுக் கலங்கினாலும் கொழுகொழுப்பு வந்தாலும் அது குறையில்லை. ஆனால் லிட்டருக்கு 8, 10க்கு மேல் போடாதீர்கள், தீயும் மிதமாக இருக்கட்டும். வெந்ததும் அடித்த முட்டை ஒன்றை நூலாக ஊற்றி, 10 விநாடி கலக்காமல் விடுங்கள். உடனே கலக்கினால் முட்டை பொடிப்பொடியாகிச் சூப்பே சாம்பல் நிறமாகத் தெரியும். மேலே வெங்காயத்தாள், கிடைத்தால் வறுத்த கடற்பாசித் தாள்.

காத்மாண்டுவில் சாப்பிட்ட ஜோல் மோமோவின் ருசி வரவில்லை. தக்காளிச் சூப் மாதிரிதான் வருகிறது.
– வாசகர், ஓசூர்

ஜோல் என்றால் குழம்பு போன்ற நீர்த்த சாறு. மோமோவுக்குத் தொட்டுக்கொள்ளும் அச்சாரை நீர்க்கவைத்ததுதான் அது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தக்காளியைவிட வறுத்த எள்ளும் தீமூரும் அதில் முக்கியம். தீமூர் என்பது மிளகு போன்ற ஒரு காய். காரத்தைவிட நாக்கை விறுவிறுக்க வைப்பது அதன் குணம். அது இல்லாமல் மிளகு போட்டால் நல்ல சாறு வரும், ஆனால் காத்மாண்டு வராது.

350 கிராம் தக்காளியைத் தீயில் சுட்டுத் தோலுரியுங்கள். 3 டேபிள்ஸ்பூன் வெள்ளை எள், 2 டேபிள்ஸ்பூன் வேர்க்கடலை, அரை டீஸ்பூன் சீரகம், 3 காய்ந்த மிளகாய் ஆகியவற்றைத் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் வெடிக்கத் தொடங்கியதும் இறக்குங்கள், கருகினால் முழுச் சாறும் கசக்கும். பூண்டு 4 பல், சிறு துண்டு இஞ்சி, அரை டீஸ்பூன் தீமூர், உப்பு சேர்த்து மைய அரைத்து, 2 கப் வெந்நீரில் கரையுங்கள். 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ¼ டீஸ்பூன் வெந்தயத்தைக் கருஞ்சிவப்பாக்கி, ¼ டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கொட்டுங்கள். எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் கடைசியில். இந்தச் சாற்றைக் கொதிக்க வைக்கத் தேவையில்லை, வெதுவெதுப்பே போதும். நேரம் போகப் போக எள் இறுகிச் சட்னியாகும், வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளுங்கள்.

மோமோவை இதில் வேகவைக்காதீர்கள். இட்லிப் பானையில் எண்ணெய் தடவிய தட்டில் 10, 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து, சாற்றை மேலே ஊற்றுங்கள். திருநெல்வேலி வாசகியின் வெந்நீர் மாவு இதற்குப் பொருத்தம்.

மாவு தேய்க்கவும் நிரப்பவும் பொறுமை இல்லை. இருபது நிமிடத்தில் ஏதாவது?
– வாசகர், பெங்களூரு

வட சீனத்தின் கெதா தாங் உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். பூரணம் கிடையாது. உப்புமாவில் கட்டி தட்டினால் பேச்சு வாங்குவோம், இதில் கட்டி தட்டுவதுதான் சமையலே. 100 கிராம் மைதாவை அகலமான கிண்ணத்தில் போட்டு, 60 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். பாசிப்பயறு முதல் வேர்க்கடலை வரையிலான அளவில் கட்டிகள் உருவாகும். தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றினால் ஒரே பெரிய பிண்டமாகிவிடும்.

1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் வெங்காயத்தாளும் நறுக்கிய 2 தக்காளியும் குழைய வதக்கி, 1 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். நன்றாகக் கொதிக்கும்போது கட்டிகளைத் தூவிக்கொண்டே கலக்கி, 4, 5 நிமிடம். பிறகு அடித்த 2 முட்டை, உப்பு, வெள்ளை மிளகு, எள் எண்ணெய். உதிர்மாவு சூப்பை இலேசாகக் கெட்டியாக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்று பேருக்குப் போதும்.

வீட்டில் ஒருவருக்குக் கோதுமை ஒவ்வாது. அரிசி மாவில் இந்த சூப்பைச் செய்யலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

செய்யலாம். பால் கொழுக்கட்டை உருண்டை பாலில் வேகிறதே, அதே கணக்குதான். வறுத்த அரிசி மாவு 1 கப், உப்பு, 1 டீஸ்பூன் எண்ணெய். கொதிக்கும் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். சூப் நன்றாகக் கொதிக்கும்போது போட்டு, 2 நிமிடம் கரண்டியே வைக்காதீர்கள். மேற்பரப்பு இறுகிய பிறகு கலக்கலாம். 6 முதல் 8 நிமிடத்தில் வெந்துவிடும். பூரணம் வைக்க ஆசையென்றால் சொப்பு செய்து, நிரப்பி, ஆவியில் வேகவைத்துக் கிண்ணத்தில் வையுங்கள். கோழிப் பூரணத்தை வதக்கி ஆறவைத்தே நிரப்புங்கள். கொதிநீரில் போட்டால் பூரணக் கொழுக்கட்டை தாங்காது.

இதைவிட முக்கியமான ஒன்று: வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. மாவை மாற்றிவிட்டு சாஸைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை. கோதுமை இல்லை என்று அச்சிட்ட சாஸ் கிடைக்காவிட்டால் உப்பு மட்டும் போடுங்கள், காளான் தண்ணீர் ருசியைப் பார்த்துக்கொள்ளும்.

மீந்த சூப்பில் மோமோ ஊறிக் கூழாகிறது. நிறையச் செய்து உறையவைக்கலாமா? கரண்ட் போனால் என்ன செய்வது?
– வாசகி, நாகப்பட்டினம்

மீந்தால் இரண்டையும் உடனே பிரித்துவிடுங்கள். மோமோவில் சில துளி எண்ணெய் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிடுங்கள். மறுபடி சூப்பில் போட்டால் பிசுபிசுக்கும்.

உறையவைப்பதென்றால் வேகவைக்காமலே செய்யுங்கள். மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி 2 மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, கல்லாக இறுகிய பிறகு பைக்கு மாற்றி, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். நேரே பையில் போட்டால் ஒரே பாறையாகிவிடும். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மாதம் வரை ருசி மாறாது. மேல்மாவில் வெடிப்பு கண்டால் பூரணத்தில் ஈரம் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் உறையும்போது விரிந்து மாவைப் பிளந்திருக்கும்.

கரண்ட் போனால் ஃப்ரீஸரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். கரண்ட் வந்த பிறகு தொட்டால் கல்லாக இருப்பது அப்படியே இருக்கட்டும். இளகியிருந்தும் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி குறையாதது அன்றைக்கே வெந்துவிட வேண்டும். கைக்குக் குளிர்ச்சியே தெரியாத இறைச்சி மோமோவைக் குப்பையில் போடுங்கள்.